டாக்டர் சீட்டில்லாமல் கண் சொட்டு மருந்து

ஆசிரியருக்கு வணக்கம்,

போன வாரம் அம்மாவின் கண்புரைக்காக எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குப் போயிருந்தேன். 1819இல் தொடங்கிய இடம், இன்றும் காலையிலேயே வரிசை நிரம்பிவிடுகிறது. சொட்டு மருந்து விட்டதும் அம்மா முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தனை கூட்டத்திலும் டாக்டர் அவர் கையைப் பிடித்து, "பயப்படாதீங்கம்மா, மேலே பாருங்க" என்று நிதானமாகச் சொன்னார்.

பக்கத்தில் ஓர் ஆட்டோக்காரர். மெட்ராஸ் ஐ வந்தபோது கடையில் வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மாதக்கணக்கில் விட்டு, கண் அழுத்தம் ஏறி, பார்வை மங்கிப்போய் வந்திருந்தார். சீட்டில்லாமல் இதை விற்கும் கடைகளை ஏன் யாரும் கேட்பதில்லை? அப்படிப் போன பார்வையை எந்த டாக்டராலும் மீட்டுத் தர முடியாது சார்.

- ஒரு வாசகி, பெரம்பூர், சென்னை