கேட்டுக்கு வெளியே ஒரு சின்னப் பள்ளம்: ரயில்வேக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் திறந்த மடல்

பெறுநர்:
கோட்ட ரயில்வே மேலாளர் அவர்கள்
நெடுஞ்சாலைத் துறைக் கோட்டப் பொறியாளர் அவர்கள்

மதிப்பிற்குரியீர்,

எங்கள் ஊர் ரயில்வே கேட்டின் (லெவல் கிராஸிங்) சீரமைப்புச் செலவு யாருடையது என்று நாங்கள் கேட்டதற்கு இரண்டு அலுவலகங்களிலிருந்தும் பதில் வந்து சேர்ந்தது, நன்றி. இரண்டிலும் சொல்லியிருப்பது ஒன்றே: "இப்பணி எங்கள் வரம்பில் வராது." பின்னணி இரு தரப்புக்கும் அத்துப்படி என்பதால் கோரிக்கையை முதலிலேயே வைக்கிறோம். இருவரும் ஒரே நாளில் சேர்ந்து களத்துக்கு வாருங்கள். எந்த வேலைக்கு யார் பணம், எந்தத் தேதிக்குள், அதன்பின் பராமரிப்பு யார் பொறுப்பு என்று ஒரே தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.

மேம்பாலம் கேட்டு எழுதவில்லை. கேட் கம்பத்தை ஒட்டி, ரயில்வே எல்லையும் நெடுஞ்சாலை எல்லையும் சந்திக்கும் இடத்திலுள்ள ஒரு சின்னப் பள்ளத்துக்காகவே இந்த மடல்.

அது எப்படி உருவாகிறது என்பது உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியும். பேக்கிங் என்னும் தடப் பராமரிப்பின்போது, கேட்டுக்குள் சாலையாகப் பதித்த தளக்கற்களைப் பெயர்த்து, ஜல்லியை இறுக்கி, தண்டவாளத்தைச் சற்றுத் தூக்குகிறார்கள். கேட்டுக்கு உள்ளே இருக்கும் தளம் அதோடு உயர்கிறது. வெளியே உள்ள தார்ச்சாலை பழைய மட்டத்திலேயே நிற்கிறது. சில முறை பேக்கிங் நடந்தால் 50 மி.மீ. படி விழுந்துவிடும். 40-க்கு 1 என்ற சரிவில் அதை இறக்க ஒவ்வொரு பக்கமும் 2 மீட்டர் தார் போட்டால் போதும். தண்ணீர் தேங்காமல் பழைய சாலையோடு இணைக்க இன்னும் சில மீட்டர் கூடும். அரை நாள் வேலை. ஆனால் அந்த 2 மீட்டர் ரயில்வேக்கு 'வெளியே', நெடுஞ்சாலைத் துறைக்கோ 'ரயில்வேயால் வந்தது'. இரட்டைப் பாதையில் இரண்டு தடங்களும் ஒரே அளவில் உயராமல் போனால் சாலை ரம்பப் பல் போலாகிறது. தாழ்வான வண்டியின் அடிப்பாகம் தட்டுகிறது, பாரம் ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் தண்டவாளத்தின் மேலேயே திணறி நிற்கிறது.

படி விழுந்த இடத்தில் தார் பெயர்ந்து ஜல்லி உதிரும். டயர்கள் அதை உள்ளே இழுத்து வந்து தண்டவாளத்துக்கும், அதன் உள்பக்கம் ஒட்டிப் பதித்த காப்புத் தண்டவாளமான செக் ரயிலுக்கும் நடுவே தள்ளும். அங்கே 51 முதல் 57 மி.மீ. இடைவெளியும் குறைந்தது 38 மி.மீ. ஆழமும் இருந்தாக வேண்டும், சக்கர விளிம்பு ஓடுவது அதற்குள்தான். அது ஜல்லியால் நிரம்பினால் சக்கரம் மேலேறக்கூடும். ஆக, வெளியே போடாத தாரின் விலையை உள்ளே ரயில் பாதுகாப்பில் கொடுக்கிறோம். இதைத் தன் வேலை இல்லை என்று ரயில்வே சொல்வதை எங்களால் புரிந்துகொள்ள முடியவில்லை.

அடுத்து, வண்டிக் கணக்கு. ஒரு நாளில் போகும் ரயில்களையும் சாலை வண்டிகளையும் பெருக்கி வரும் டி.வி.யு. (ரயில்-வாகன அலகு) ஒரு லட்சத்தைத் தொட்டால் மேம்பாலச் செலவில் ரயில்வேயும் மாநில அரசும் ஆளுக்குப் பாதி என்பது நெடுங்காலமாக இருந்துவந்த வழக்கம். அந்தக் கணக்கில் லாரி ஒன்று, ஆட்டோ அரை, இருசக்கர வண்டி கால். பள்ளத்தில் அதிகம் விழுபவர்கள் அந்தக் கால் கணக்குக்காரர்கள், விழும்போது மட்டும் முழு ஆளாக விழுகிறார்கள். இன்னொரு வேடிக்கையும் உண்டு. கேட் மோசமானால் வண்டிகள் சுற்றுவழி போகும், எண்ணிக்கை குறையும், அப்போது "போக்குவரத்து போதவில்லை" என்று பதில் வரும். இதைவிடச் சிக்கனமான நிர்வாகம் வேறெங்கும் கிடைக்காது.

கடலூர் செம்மங்குப்பத்தில் 2025 ஜூலை 8 அன்று பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அது இன்டர்லாக்கிங் இல்லாத கேட். கேட்டை மூடிப் பூட்டினால்தான் ரயிலுக்குச் சிக்னல் கிடைக்கும் என்ற ஏற்பாடு அங்கே இல்லை, எல்லாம் தொலைபேசியில் கேட்கீப்பர் சொல்லும் சொல்லை நம்பித்தான். அங்கே சுரங்கப்பாதை கட்ட ரயில்வே தன் செலவிலேயே ஒப்புதல் தந்திருந்ததாகவும், ஓராண்டாக மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வரவில்லை என்றும் தெற்கு ரயில்வே அப்போது சொன்னது. பணத்தை ஒதுக்கிய பிறகும் ஒரு கையெழுத்துக்காக வேலை நிற்கும் என்பதற்கு அதுவே சாட்சி. விபத்துக்குப் பிறகு இன்டர்லாக்கிங் கட்டாயமாகும் வரம்பு 20,000 டி.வி.யு.விலிருந்து 10,000 ஆகக் குறைந்தது. முன்பே குறைத்திருக்கலாம். போகட்டும், அது வேறு வழக்கு.

தாளில் இருக்க வேண்டியவை இவை. தளக்கற்கள், செக் ரயில், கேட் மோட்டார், சிக்னல், தொலைபேசி ஆகியவை ரயில்வே கணக்கில். அணுகுசாலைத் தார், வடிகால், வேகத்தடை, எச்சரிக்கைப் பலகை ஆகியவை நெடுஞ்சாலைத் துறை கணக்கில். கம்பத்தை ஒட்டிய அந்த 2 மீட்டர் மட்டும் சரிபாதி. பேக்கிங் தேதியை ரயில்வே இரண்டு வாரம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தடம் மூடியிருக்கும் அதே வேளையில் தார் வண்டியும் வந்து நிற்க வேண்டும், இல்லையென்றால் ஒரே சாலையை இரண்டு முறை அடைக்க நேரும். 'டெபாசிட் பணி' என்று முழுத்தொகையும் மேற்பார்வைக் கட்டணமும் முன்கூட்டிக் கட்டச் சொல்லி இந்தச் சின்ன வேலையை ஊராட்சியின் தலையில் ஏற்ற வேண்டாம்.

வேலைப்பளு இருக்கும் என்பதை அறிவோம். ஆனாலும் 30 நாளுக்குள் கூட்டு ஆய்வுக்கு ஒரு தேதி குறித்து, அந்த ஒரே தாளில் இருவரும் கையெழுத்திட்டுத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கேட்டின் இருபுறமும் வசிப்போர்