மகிழ்ச்சியாக இருந்தால் இருமல் நிற்குமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

மாரடைப்புக்குப் பிறகு பெண்கள் எப்படி வாழ வேண்டும் என்று கடந்த ஞாயிறு மகளிர் பக்கத்தில் ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். "மனத்தை மகிழ்ச்சியாக வைத்துக்கொண்டாலே பாதி நோய் பறந்துவிடும்" என்று அதில் ஒரு வரி. மீதிப் பாதி எப்படிப் பறக்கும் என்பதையும் சொல்லியிருந்தால், எங்கள் தோட்டத்துப் பெண்கள் மருந்துக்காக ஈப்போவுக்குப் பஸ் ஏறும் செலவாவது மிஞ்சியிருக்கும்.

மாரடைப்பு வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு நோயும் வருகிறது, பெண்களுக்கு இன்னும் அதிகம். தங்களுக்குத் தெரியாததா? தூக்கம் கெட்டு, சோறு இறங்காமல், சும்மா சும்மா அழுகிற நிலை இரண்டு வாரம் நீடித்தால் கிளினிக்கில் சொல்லியாக வேண்டும். அப்படிப்பட்டவரிடம் போய் மகிழ்ச்சியாக இருங்கள் என்றால், அது முடியாததையும் தன் குற்றமாக எடுத்துக்கொள்வார். பிசோப்ரோலோல் போல நாடித்துடிப்பைக் குறைக்கும் மாத்திரையாலும் அசதி வரும். வீட்டில் அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர்.

இருமலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ரத்த அழுத்தத்தைக் குறைக்கத் தரும் பெரிண்டோப்ரில் மாத்திரை சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும், ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதலாக. சளி வராது. தொண்டை கரகரக்கும், படுத்தால் அதிகமாகும். இருமும்போது சிறுநீர் கசிகிறதே என்ற வெட்கத்தில் கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்ட பெண்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். இதய நோய் இருப்பதைச் சொல்லாமல் பார்மசியில் இருமல் மருந்து வாங்குகிறார்கள். அதில் மூக்கடைப்புக்கான சூடோஎபெட்ரின் கலந்திருந்தால் ரத்த அழுத்தம் ஏறும், நெஞ்சு படபடக்கும். டாக்டரிடம் சொன்னால் லோசார்ட்டான் வகைக்கு மாற்றித் தருவார். மாற்றிய பிறகும் இருமல் அடங்க ஒன்று முதல் நான்கு வாரம் பிடிக்கும்.

மாதவிலக்கு நிற்காத பெண்களின் பாடு இன்னும் மோசம். இதய ரத்தக்குழாய் அடைபடாமலிருக்க ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைத்தவர்களுக்கு, ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரெலையும் வழக்கமாக ஒரு வருடம் தருவார்கள். இரண்டும் சேர்ந்தால் உதிரப்போக்கு கூடலாம். டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, அந்த நாட்களில் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் அடுத்த மாரடைப்புதான். மணிக்கு ஒரு பேட் நனைகிற அளவுக்குப் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். மாத்திரையை நிறுத்தலாமா, மாற்றலாமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இதற்கெல்லாம் இடமில்லை என்பீர்கள். ராசிபலனுக்கு முழுப் பக்கம் இருக்கிறது. இஞ்சி, பூண்டு, எலுமிச்சைச் சாறு, வினிகர், தேன் கலந்த "அடைப்பு நீக்கும்" மருந்துக்கு அதே இதழில் அரைப்பக்க விளம்பரம் இருக்கிறது. அது எந்த அடைப்பையும் நீக்காது. ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் வெறும் வயிற்றில் குடித்தால் எரிச்சல்தான் மிச்சம். அதை நம்பி, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைக் கைவிடுகிறவர்களுக்கு யார் பதில் சொல்வது? இதைக் குறித்து முன்பே எழுதினேன், தாங்கள் பிரசுரிக்கவில்லை. விளம்பரம் மட்டும் வாரம் தவறாமல் வருகிறது. சந்தோஷம்.

மருத்துவமனையில் எழுதித் தந்த தொடர்மருந்தை எஸ்பியுபி என்ற அரசாங்க மருந்து வழங்கும் முறையில் பக்கத்து அரசாங்க கிளினிக்கிலேயே வாங்கலாம், மருத்துவமனை மருந்துக் கவுண்டரில் கேட்டால் பதிந்து கொடுப்பார்கள் என்பதையாவது கட்டுரையாளர் சேர்த்திருக்கலாம். பாவம், பூங்கொத்துப் படத்துக்கே இடம் போய்விட்டது.

அந்தப் படம் பிடித்த இடத்தை அடுத்த ஞாயிறு எங்களுக்குக் கொடுங்கள். கத்தரித்து ஐஸ்பெட்டியில் ஒட்டிக்கொள்ளும்படி, நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் ஜிடிஎன் மாத்திரையைப் பற்றி ஒரு கட்டம் வேண்டும். நெஞ்சு இறுக்கினால் முதலில் உட்கார வேண்டும், நின்றுகொண்டு வைத்தால் ரத்த அழுத்தம் இறங்கி விழ நேரிடும். ஒன்று வைத்து ஐந்து நிமிடத்தில் குறையாவிட்டால் 999ஐ அழைத்துவிட்டு இரண்டாவது, மேலும் ஐந்து நிமிடம் கழித்து மூன்றாவது, அதற்கு மேல் கூடாது. தலைவலி வந்தால் பயப்பட வேண்டாம். மாத்திரை அதன் கண்ணாடிப் புட்டியிலேயே இருக்கட்டும். பிளாஸ்டிக் பையில் போட்டுப் பர்சில் வைத்தால் வீரியம் போய்விடும். புட்டியைத் திறந்த தேதியை மேலே எழுதி, 8 வாரத்தில் புதிது வாங்க வேண்டும்.

எழுத்து, ராசிபலனுக்குப் போடுகிற அளவில் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தாதி,
சுங்கை சிப்புட், பேராக்