சாப்பாட்டை நிறுத்தச் சொல்லாதீர்கள்: மட்டக்களப்பு, கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்களுக்கு

மதிப்பிற்குரிய பணிப்பாளர்களுக்கு,

புற்றுநோய்க் கிளினிக்குகளில் வீட்டாருக்குக் கொடுக்கப் பொலிஅமைன் (உடலிலும் உணவிலும் உள்ள ஒரு வகை இரசாயனப் பொருள்) பற்றி ஒரு பக்கத் தமிழ்த் துண்டுப்பிரசுரம் வேண்டும்.

புற்றுநோய்க் கலம் உட்பட எந்தக் கலமும் பெருகுவதற்குப் புட்ரெசின், ஸ்பெர்மிடின், ஸ்பெர்மைன் என்ற மூன்று பொலிஅமைன்களும் தேவை. ஓர்னிதைன் என்ற அமினோ அமிலத்தைப் புட்ரெசினாக்கும் நொதியத்தை எஃப்ளோர்னிதின் என்ற மருந்து ஒட்டிப்பிடித்து, மீளாதபடி முடக்குகிறது. ஆனால் உற்பத்தி நின்றதும் கலம், உணவிலும் குடல் பக்டீரியாவிலும் இருந்து வரும் பொலிஅமைனை உள்ளே இழுக்கத் தொடங்கும். முற்றிய கட்டிகளில் இம்மருந்து தனியே பெரிதாக எடுபடாததற்கு இது முக்கிய காரணம்.

அப்படியென்றால் சாப்பாட்டைக் குறைப்போம் என்று வீட்டாருக்குத் தோன்றும். அங்கேதான் ஆபத்து. சோயா மீற், காளான், பயறு, கருவாடு எல்லாவற்றிலும் பொலிஅமைன் உண்டு. அவற்றை நிறுத்தினாலும் உடலும் குடல் பக்டீரியாவும் அதைத் தயாரிக்கும். நோயாளி மெலிந்து, கீமோவைத் தாங்க வலுவில்லாமல் போவதுதான் மிச்சம். இளமைக்கென்று விற்கப்படும் ஸ்பெர்மிடின் மாத்திரைகளையும் சிகிச்சையில் இருப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

2008இல் வெளியான ஆய்வில், பெருங்குடல் பொலிப் (உட்சுவரில் வளரும் சிறு தசை வளர்ச்சி) அகற்றியவர்கள் மூன்று வருடம் தினமும் 500 மி.கி. எஃப்ளோர்னிதினும் 150 மி.கி. சுலிண்டாக் என்ற அழற்சி குறைக்கும் மருந்தும் எடுத்தார்கள். பொலிப் திரும்ப வந்தது 12 வீதத்தினருக்கு. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 41 வீதத்தினருக்கு. நல்ல பெறுபேறு, ஆனால் இது பொலிப்பின் கணக்கு, புற்றுநோயின் கணக்கு அல்ல. பரம்பரைப் பொலிப் நோயாளர்களிடம் நடந்த 2020 ஆய்வில், கூட்டுமருந்து தனிமருந்தைவிடத் தெளிவாக மேலென்று நிறுவப்படவில்லை.

பிள்ளைகளின் நிலை வேறு. அதிக ஆபத்துள்ள நியூரோபிளாஸ்டோமா (பிள்ளைகளின் நரம்புக் கலங்களில் வரும் புற்றுநோய்) முந்திய சிகிச்சைகளுக்கு இணங்கியபின், அது திரும்பாமல் தடுக்க எஃப்ளோர்னிதினை அமெரிக்கா 2023 டிசம்பரில் அனுமதித்தது. 192 மி.கி. மாத்திரை, உடற்பரப்புக்கேற்ப ஒரு வேளைக்கு ஒன்று முதல் நான்கு வரை, நாளுக்கு இருவேளை, அதிகபட்சம் இரண்டு வருடம். விழுங்க முடியாவிட்டால் நசுக்கி, இரண்டு மேசைக்கரண்டி மென்மையான உணவில் கலக்கலாம். வாந்தி எடுத்தால் அந்த வேளைக்குத் திரும்பக் கொடுக்கக் கூடாது.

இம்மருந்தால் இரத்த அணுக்கள் குறையலாம், ஈரல் பாதிக்கப்படலாம், கேட்டலும் குறையலாம். இரத்தப் பரிசோதனையில் முதலிரண்டும் தெரிந்துவிடும். செவி அப்படியல்ல. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையை அடம்பிடிக்கிறது என்று விட்டுவிடுவோம். ஆகவே மருந்து தொடங்குமுன்னும், பின்னர் ஆறு மாதத்துக்கொரு தடவையும் கேட்டல் பரிசோதனை நடக்க வேண்டும். அடுத்த திகதியைக் கிளினிக் அட்டையிலேயே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். இடையில் கேட்டல் குறைந்தால் அந்தத் திகதிவரை காத்திருக்காமல் உடனே வரவேண்டும் என்பதைத் துண்டுப்பிரசுரத்தின் முதல் வரியாகப் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்.

இங்ஙனம்,
இரு பிராந்தியங்களையும் சேர்ந்த மருந்தாளர்கள்