கன்னம் சிவக்க வேண்டுமா?

காரைக்குடி

அன்புள்ள நண்பா,

நலம். உன் கடிதமும் சிறுகதையும் கிடைத்தன. கதை பிடித்திருக்கிறது. ஆனால் தேவகோட்டைப் பெண்ணை நாலு பக்கத்துக்குள் மூன்று முறை கன்னம் சிவக்க வைத்திருக்கிறாயே, அதுதான் ஒட்டவில்லை. அவள் மாநிறம் என்று எழுதியவனும் நீதானே!

"கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள" என்பது தொல்காப்பியம். இன்றைக்கும் கண் சிவந்தால் கோபம். அவமானப்பட்டால் முகம் சுண்டிப்போகும். வெட்கத்துக்கு வள்ளுவர் நிறத்தையா தேடினார்? "யான்நோக்குங் காலை நிலன்நோக்கும்" என்று பார்வையிலேயே காட்டிவிட்டார்.

வெட்கப்பட்டால் முகத்துத் தோலின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிவது எல்லோருக்கும் பொதுதான். காதுமடல் வரை சுடும். கறுத்த தோலில் அது வெளியே எளிதில் தெரிவதில்லை, அவ்வளவுதான். டார்வின் 1872இல் வெளியிட்ட உணர்ச்சி வெளிப்பாடு பற்றிய நூலில் இதற்கென்று ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். முகத்தில் தழும்புள்ள கறுப்பினப் பெண் ஒருத்தியிடம் யாராவது திடீரென்று பேசினால், அந்தத் தழும்பு மட்டும் சிவந்துவிடுமாம். ஒரு மருத்துவர் பார்த்துச் சொன்னதை எடுத்து எழுதியிருக்கிறார். எனக்கு மறக்கவே மாட்டேன் என்கிறது.

போன மாதம் கானாடுகாத்தானில் தங்கை மகளின் கல்யாணம். மணப்பெண்ணின் கன்னத்தில் இளஞ்சிவப்புப் பொடியை அப்பிக்கொண்டிருந்தார்கள். அவளோ பசிக்கிறது என்று முனகிக்கொண்டிருந்தாள். உண்மையான வெட்கத்தை வளவில், அந்த நடுமுற்றத்துத் தூணோரம் பார்த்தேன். பேரப்பிள்ளைகள் ஆயாவைச் சூழ்ந்துகொண்டு, தாத்தாவின் பெயரைக் கேட்டு, "ஐயா பெயரைச் சொன்னால்தான் விடுவோம்" என்று பிடிவாதம் பிடித்தார்கள். ஆயா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தரையில் பதித்திருந்த ஆத்தங்குடிக் கல்லின் பூவைக் கால் பெருவிரலால் தேய்த்தார். கடைசியில், "குன்றக்குடிச் சாமி பெயர்தான், போங்கள்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கரிய முகத்தில் ஒரு பொட்டுச் சிவப்பில்லை. அங்கிருந்த ஒருவருக்கும் அது வெட்கமா என்ற சந்தேகமும் வரவில்லை.

ஆகவே உன் கதாநாயகிக்குக் காது சுடட்டும், வாய் குழறட்டும். மூன்றாவது இடத்தை மட்டும் அப்படியே விட்டுவை. அங்கே அவள் மாமியாரோடு சண்டை போடுகிறாள், தாராளமாகச் சிவக்கலாம்.

பிள்ளையார் நோன்புக்கு வந்துவிடு, மாவில் திரியிட்டு ஏற்றிய இழையைச் சேர்ந்து எடுத்துக்கொள்ளலாம். திருத்திய பிரதியையும் கையோடு கொண்டு வா.

அன்புடன்,
உன் பழைய நண்பன்