டெல்லி தார் ஜீப் வேண்டாம், ராகவா

அன்புள்ள ராகவனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா வாக்கரை ஓரமாக வைத்துவிட்டு மொட்டைமாடி வரை போய் வருகிறார்கள் என்ற வரியை உமாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். பிசியோதெரபிக்கு ஆள் வருவதை மட்டும் பாதியில் நிறுத்திவிடாதே. இங்கே எல்லோரும் நலம். காபி இந்த வருடம் பரவாயில்லை, மிளகுதான் கைவிட்டுவிட்டது. கொடி பாதி வாடிப்போயிற்று. சின்னவளுக்குக் கோவையிலேயே வேலை கிடைத்துவிட்டது. சனிக்கிழமை ஆனால் ஒரு மூட்டை அழுக்குத் துணியோடு வந்து இறங்குகிறாள்.

அப்புறம், நீ கேட்ட விஷயம். டெல்லியிலிருந்து வரும் அந்த 2014 மஹிந்திரா தார் ஜீப்பை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வாங்காதே. இதோடு நிறுத்தினால் அடுத்த வாரமே அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்து நிற்பாய் என்பது தெரியும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

"நீ மட்டும் பழைய மாருதி ஜிப்சி ஜீப் வாங்கினாயே" என்று கேட்பாய். தாண்டிக்குடி வரை தார் ரோடு நன்றாகத்தான் இருக்கிறது. ஐயம்பாளையத்தில் ஏற ஆரம்பித்தால் எந்த மாருதி 800-ம் வந்து சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு நம் தோட்டம் வரை உள்ள மண்பாதைதான் சிக்கல். ஐப்பசி மழையில் அது பாதையே இல்லை, செம்மண் குழம்பு. காபிப் பழம் பறிப்பு தொடங்குவதும் அந்த மாதங்களில்தான். இன்னும் மேலே இருக்கும் தோட்டங்களுக்கு இன்றைக்கும் குதிரைதான் மூட்டை சுமக்கிறது. நான் சீசன் முழுக்க வாடகை ஜீப்புக்காகக் காத்துக் கிடந்தேன். அவன் வந்தால் மழை வராது, மழை வந்தால் அவன் வரமாட்டான். அந்த எரிச்சலில்தான் வண்டி தேட ஆரம்பித்தேன். ஆசையில் இல்லை. சரி, கொஞ்சம் ஆசையும்தான்.

தேடும்போது வத்தலக்குண்டு பட்டறை அண்ணனைக் கூடவே கூட்டிக்கொண்டு போனேன். மனிதர் பானெட்டைத் திறக்கவே மாட்டார். "இன்ஜின் கெட்டுப்போனா மாத்திக்கலாம் சார், சேஸிஸ் கெட்டுப்போனா வண்டியே இல்ல" என்று சொல்லிவிட்டு, ஒரு சாக்கை விரித்துப் போட்டு அடியில் நுழைந்துவிடுவார். கையில் ஒரு நீள ஸ்க்ரூடிரைவர். அதன் கைப்பிடியால் சேஸிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, ஓரமாகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல இரும்பு 'டிங்' என்று பதில் சொல்லும். துரு தின்ற இடம் 'டொக்' என்று மந்தமாகக் கேட்கும். பின் சக்கரத்துக்கு மேலே, சேஸிஸ் வளையும் இடத்தில், புதிதாகக் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தால் அங்கே கூர்முனையால் ஒரு குத்து. பழைய வண்டி விற்கும் ஒரு கன்சல்டிங்கில் நிறுத்தியிருந்த பளபளப்பான வண்டியில் அந்தக் குத்து நேராக உள்ளே போய்விட்டது. கடைக்காரர் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டோம். அப்புறம் ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவின் கீழ்ப்பகுதி, காலடித் தகடு, பின் ஃபெண்டர் எல்லாவற்றிலும் வைத்துப் பார்ப்பார். ஒட்டினால் தகடு, நழுவினால் பட்டி. ஜிப்சியின் பாடி துருப்பிடிப்பதற்கே பேர் போனது. பட்டி பூசி பெயின்ட் அடித்துத் தள்ளிவிடுவது வாடிக்கை.

கடைசியில் அமைந்தது உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்த ஒருவரின் 2007 வண்டி. சாஃப்ட் டாப், பெட்ரோல். நிறம் மங்கிக் கிடந்தது. அதுவே எனக்கு நம்பிக்கை தந்தது. 15 வருட ஆர்.சி. (பதிவு) 2022-இல் முடிந்து, அவரே எஃப்.சி. (தகுதிச் சோதனை) காட்டி ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்திருந்தார். இந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலுக்கு முன் காருக்கு வெறும் 600 ரூபாய், அன்றிலிருந்து 5,000. வண்டிக்கு 20 வயது தாண்டினால் 10,000 என்று 2025-இல் ஆக்கிவிட்டார்கள். பழைய வண்டி வாங்குகிறவன் வண்டி விலையோடு இதையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜிப்சியை ஏன் பிடித்தேன் என்றால், எடைதான். ஒரு டன்னுக்கும் கொஞ்சம் குறைவு. சேற்றில் சக்தி பெரிதில்லை ராகவா, கனம்தான் எமன். 1985 டிசம்பரில் மாருதி கொண்டுவந்தபோது அதற்கு 970 சிசி இன்ஜின். 1996-இல் 'ஜிப்சி கிங்' ஆனபோது 1298 சிசி வந்தது. 2019-இல் நிறுத்தும் வரை அடிப்படையில் அதே வண்டிதான். முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங், இரண்டு பக்கச் சக்கரத்தையும் ஒரே துண்டாக இணைக்கும் முழு ஆக்சில், தனிச் சேஸிஸ். ராணுவமும் வனத்துறையும் இத்தனை வருடம் வைத்து ஓட்டியதால் எந்த ஊர் மெக்கானிக்கும் இதைப் பிரித்துப் பார்த்திருப்பான். கம்ப்யூட்டரைச் சொருகினால்தான் நோய் தெரியும் என்ற கதையும் அதிகம் இல்லை.

வாங்குவது ஒரு கதை, கூட வாழ்வது வேறு கதை. பவர் ஸ்டீயரிங் கிடையாது. ஏ.சி. கிடையாது. பிரேக் தகட்டில் ஈரம் பட்டால் முதல் மிதியில் யோசித்துவிட்டுத்தான் பிடிக்கும். எண்பதைத் தொட்டால் பேசிக்கொள்ள முடியாது. காலி வண்டியில் பட்டை ஸ்பிரிங் தூக்கிப் போடும் போட்டில் உமா, "மூட்டை ஏத்திட்டு என்னைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டாள். அது சரிதான், நாலு மூட்டை காபி ஏறினால் வண்டி சமத்தாகிவிடும். சமவெளியில் லிட்டருக்குப் பத்து, பன்னிரண்டு கொடுக்கும். மலையில் நான் கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

வாங்கிய புதிதில் அறுபதில் ஒரு பள்ளத்தில் இறங்கினால் ஸ்டீயரிங் இரண்டு பக்கமும் வெட்டிவெட்டி ஆடும், வேகத்தைக் குறைத்தால்தான் நிற்கும். டயர் பேலன்ஸ் என்றார் ஒருவர், அலைன்மென்ட் என்றார் இன்னொருவர். நம் பட்டறை அண்ணன் முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்து, சக்கரம் இடம் வலம் திரும்பும் மூட்டில் உள்ள கிங்பின் பேரிங் தேய்ந்துவிட்டது என்றார். பிரித்தால் பேரிங்கின் உருளைகள் ஓட்டில் வரிவரியாகக் குழி போட்டிருந்தன; கையால் சுற்றும்போதே படிப்படியாக இடறியது. அந்த மூட்டின் ஆயில் சீலும் போய், கிரீஸ் சக்கர உட்புறத்தில் வழிந்திருந்தது. மாற்றியதிலிருந்து ஆட்டம் இல்லை. இந்த மாதிரி வேலைகள் சீசனுக்கு ஒன்று என்று வந்துகொண்டே இருக்கும். பெரிய செலவில்லை, ஆனால் பட்டறையில் உட்கார நேரம் வேண்டும். எனக்கு இருக்கிறது. உனக்கு?

இனி நால்சக்கர இயக்கம். நீ அதை என்னவோ மந்திரம் மாதிரி எழுதியிருந்தாய். முன் சக்கரத்தின் நடுவில் ஒரு குமிழ் உண்டு, அதுதான் ஹப். அதை இறங்கிப் போய்க் கையால் லாக்குக்குத் திருப்பினால்தான் முன் ஆக்சில் சக்கரத்தோடு சேரும். சேற்றில் மாட்டிய பிறகு திருப்பலாம் என்று இருந்தால் முழங்கால் வரை சேற்றில் நின்றுதான் திருப்ப வேண்டும். ஆகவே தார் ரோடு முடியும் இடத்திலேயே இறங்கித் திருப்பிவிடுவேன். தார் ரோட்டில் நாலு சக்கரத்தையும் சேர்த்து ஓட்டவும் கூடாது. வளைவில் முன் சக்கரங்கள் கொஞ்சம் பெரிய வட்டம் போடும், பின் சக்கரங்கள் சின்ன வட்டம். முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரென்ஷியல் நடுவில் இல்லாததால் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அதைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க இடமில்லாமல் கியர்கள் முறுக்கிக்கொள்ளும். பழைய தார் ஜீப், ஜிப்சி எதுவானாலும் இதுதான் கதை. சென்னையில் உனக்கு நால்சக்கர இயக்கத்துக்கென இருக்கும் அந்தத் தனிக் கியர் கம்பி கைக்குட்டை தொங்கவிடத்தான் ஆகும்.

நாலு சக்கரமும் இழுக்கிறது என்பதும் முழு உண்மை இல்லை. மேட்டுப் பள்ளத்தில் ஒரு முன் சக்கரமும் எதிர்மூலைப் பின் சக்கரமும் தரையை விட்டால், அந்த இரண்டும் காற்றில் சுற்றும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். அப்போது ஆக்சிலேட்டரை மிதிப்பதால் பயனில்லை. கல்லை அடைத்துத்தான் ஏற்ற வேண்டும். மழைக்காலத்தில் டயர் காற்றை 28 பவுண்டிலிருந்து 18-க்கு இறக்கிவிடுவேன். டயர் கொஞ்சம் படர்ந்து உட்கார்ந்து பிடிக்கும். எந்தப் பெரிய டயரும் தராத பிடிப்பை இந்தச் செலவில்லாத வேலை தருகிறது. இறக்கத்தில் 4எல் (நாலு சக்கரமும் சேர்ந்த மெதுவான கியர் நிலை), முதல் கியர், பிரேக்கிலும் கிளட்சிலும் கால் வைக்காமல் விட்டுவிடுவது. இன்ஜினே பிடித்துக்கொண்டு நடை வேகத்தில் இறங்கும். புதிதாக ஓட்டுகிறவர்களுக்குக் காலைச் சும்மா வைத்திருப்பதுதான் கஷ்டம்.

இப்போது நீ அனுப்பிய அந்த டெல்லி வண்டியின் படங்களுக்கு வருகிறேன். டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டி ஓடக்கூடாது என்று தடை வந்ததால்தான் அங்கிருந்து இவ்வளவு மலிவாக வருகிறது. உனக்காக யாரும் விலை குறைக்கவில்லை. அங்கிருந்து என்.ஓ.சி. (ஆட்சேபம் இல்லை என்ற சான்று) வாங்கி, இங்கே சாலை வரி கட்டி, தமிழ்நாட்டு நம்பர் மாற்றி முடிக்கும்போது அந்த மலிவு பாதி கரைந்திருக்கும். என்.ஓ.சி. கையில் வராமல், "சார் வந்துடும்" என்ற வார்த்தையை நம்பி ஒரு ரூபாய் கொடுக்காதே. கடன் பாக்கி ஆர்.சி.யில் நீக்கப்பட்டிருக்கிறதா, சேஸிஸில் அடித்திருக்கும் எண்ணும் ஆர்.சி.யில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று நீயே குனிந்து படித்துப் பார்.

முன்னால் இருக்கும் அந்தப் பெரிய இரும்புக் கம்பியை 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு கூடாது என்று சொல்லிவிட்டது. வண்டியை ஆர்.சி.யில் உள்ள அமைப்பிலிருந்து இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. எஃப்.சி.க்கும் நம்பர் மாற்றத்துக்கும் போகும்போது இதெல்லாம் முன்னால் வந்து நிற்கும். அந்த ராட்சச டயரைப் பார்த்துத்தான் நீ மயங்கியிருக்கிறாய் என்று நினைக்கிறேன். டயர் பெரிதானால் ஸ்பீடோமீட்டர் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும், இழுவை குறையும், ஆக்சிலுக்கும் ஸ்டீயரிங் மூட்டுகளுக்கும் கூடுதல் அடி. "ஒரு நாள்கூட காட்டுப் பாதையில் போனதில்லை" என்று விற்கிறவர் சொன்னாராம். நீ அனுப்பியதில் கடைசிப் படத்தைப் பெரிதாக்கிப் பார். முன் பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குக் கீழே உள்ள தகடு கல்லில் உரசிப் பளபளக்கிறது.

இன்னொன்று, நீ இருப்பது திருவான்மியூரில். கடற்காற்று. டெல்லி வறட்சியில் பிழைத்த தகட்டை உப்பு தின்னும் வேகத்தை நீ பார்த்தே ஆக வேண்டும் என்றில்லை. அம்மா எப்படி ஏறுவார்கள் என்று யோசித்தாயா? முன் இருக்கையே உயரம். பின்னால் பக்கவாட்டுப் பெஞ்ச், டெயில் கேட் வழியாக ஏற வேண்டும். புது முட்டியோடு முடியுமா? இந்த ஒரு காரணமே போதும் என்றுதான் முதலில் எழுத நினைத்தேன்.

ஓட்டும் ஆசைதான் என்றால் கார்த்திகையில் நாலு நாள் லீவு போட்டு இங்கே வா. வண்டியை உன்னிடமே கொடுக்கிறேன். காலையில் மூட்டை இறக்கவும் ஆள் வேண்டும். மழையில் அந்தப் பாதையில் ஏறி இறங்கிய பிறகும் ஆசை குறையவில்லை என்றால் அண்ணனையும் அவர் சாக்கையும் சென்னைக்கே அழைத்து வருகிறேன், சேர்ந்து நல்லதாகத் தேடுவோம்.

வரும்போது ஒரு உதவி. நம் வண்டியின் வலது ஹப் குமிழ் கல்லில் மோதி உடைந்துவிட்டது. இப்போது இடுக்கியால் திருப்புகிறேன். புதுப்பேட்டையில் பழைய ஜிப்சி சாமான் வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பார். ஜோடியாக வாங்கு, ஒன்று மட்டும் வேண்டாம். மூடியைக் கழற்றச் சொல்லி உள்ளே பற்களின் முனை மழுங்காமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எனக்குப் படம் அனுப்பு. அண்ணன் பார்த்துச் சரி என்ற பிறகு விலை பேசலாம். அதுவரை ஆர்வமாக இருப்பதுபோல முகத்தை வைத்துக்கொள்ளாதே, உன்னால் முடிந்தால்.

அன்புடன்,
முருகேசன்