நாவல் கொட்டையைக் காயப்போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் நாவல் கட்டுரையில், 'கொட்டைகளை வெயிலில் நன்கு உலர்த்தி, டப்பாவில் பத்திரப்படுத்தி, புரட்டாசி மழையில் ஊன்றலாம்' என்றொரு வரி. அவரை விதைக்கு எழுதி வைத்திருந்ததை நாவலுக்குப் போட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது. நாவல் விதை ஈரம் வற்றினால் செத்துப்போகும். டப்பாவில் பத்திரமாக இருக்கும், முளைக்கத்தான் முளைக்காது. அப்புறம் திட்டு வாங்குவது, விதை கொடுத்த எங்களைப் போன்ற நாற்றங்கால்காரர்கள்.

பழம் ஆனி, ஆடியில் உதிரும்போதே விதைப்பும் நடந்தாக வேண்டும். சதையைப் பிசைந்து கழுவி (ஒட்டியிருக்கும் சதை புளித்தால் பூஞ்சணம் பிடிக்கும்), மேல் ஈரம் போக நிழலில் சிறிது நேரம் பரப்பினால் போதும். ஒரு வாரத்துக்குள் 2 செ.மீ. ஆழத்தில் ஊன்ற வேண்டும். இரண்டு வாரம் தாண்டினால் முளைப்பு சட்டென்று விழுந்துவிடும். மண் ஈரம் காயாமல் இருந்தால் 10 முதல் 15 நாளில் முளை தெரியும். ஒரே கொட்டையில் இரண்டு, மூன்று முளை கிளம்புவது நாவலின் வழக்கம். கொழுத்ததை விட்டு மற்றதைக் கிள்ளிவிடலாம். நாற்று வளர்க்கும் பையோ உயரமானதாக இருக்க வேண்டும். குட்டைப் பையில் ஆணிவேர் அடியில் சுருண்டுகொள்ளும், நட்ட பிறகும் கன்று தேறாது.

இது முதல் முறையும் அல்ல. செங்காயாகப் பறித்து வைக்கோலில் பழுக்க வைக்கச் சொன்னீர்கள். நாவல் என்ன வாழையா? பறித்த பின் அது இனிப்பேறாது, துவர்ப்போடு சுருங்கும். இன்னொரு இதழில் கிளை நுனிவரை ஏறி உலுக்கச் சொல்லியிருந்தீர்கள். சொன்னவர் ஏறிப் பார்க்கட்டும். நாவல் கிளை வளையாது, மளுக்கென்று முறியும். கீழே தார்ப்பாய் விரித்து, தொரட்டியால் உலுக்குவதை எழுத ஏன் மனம் வரவில்லையோ! கொட்டைப் பொடியை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொன்ன துணுக்கைப் பற்றி மரியாதை கருதி இங்கே ஒன்றும் எழுதவில்லை.

விதைக்கன்று காய்க்கவே 8 முதல் 10 ஆண்டு ஆகும். முதல் படியிலேயே ஒரு பருவத்தைத் தொலைக்க வைப்பது நியாயமா? தங்களுக்குத் தெரியாததல்ல.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. 'நாவல் விதையை உலர்த்த வேண்டாம், உடனே ஊன்றவும்' என்று அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். ஆடி முடிவதற்குள் வந்தால்தான் பயன்.

இப்படிக்கு,
நாற்றங்கால் நடத்தும் வாசகர்