வின்னிபெக்கிலிருந்து அம்மாவுக்கு

கர்த்தருக்குள் அன்பான அம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். நீங்கள் அனுப்பிய பார்சல் செவ்வாய்க்கிழமை வந்தது. கிறிஸ்துமஸ் முடிந்து ஆறு வாரமாகியும் நான் இரண்டு வரி எழுதவில்லை. வாட்ஸ்அப்பில் ‘நல்லா இருக்கோம்’ என்று போட்டுவிட்டு இருந்துகொண்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா.

முந்திரிக்கொத்து ஒன்றுகூட உடையவில்லை. டின்னைத் திறந்ததும் ஏலக்காயும் சுக்கும் அடுக்களை முழுக்க மணத்தது. இங்கே மரச்சீனிக் கிழங்கு கிடைக்கிறது, மேலே மெழுகு பூசி வைத்திருப்பார்கள். ஆனால் நம் விளையில் பிடுங்கிய கிழங்கு போல மாவாக வேகாது.

நேற்று மைனஸ் 31. இங்கே கார்களுக்கு முன்னால் ஒரு பிளக் தொங்கும். ராத்திரி அதைக் கரண்டில் மாட்டி வைக்காவிட்டால் காலையில் இன்ஜின் கிளம்பாது. அண்ணனிடம் சொன்னால் நம்பமாட்டான். எங்கள் காரைக் கொடுத்துவிட்டோம். பஸ் பக்கத்திலேயே நிற்கிறது, நடப்பதும் உடம்புக்கு நல்லதுதானே. அவர் டிசம்பரிலிருந்து வீட்டில் இருக்கிறார், பிள்ளைகளைப் பார்க்க வசதியாகப் போயிற்று. நான் முதியோர் இல்லத்தில் ராத்திரி வேலைக்கு மாறியிருக்கிறேன். இதையெல்லாம் அப்பாவிடம் பெரிதாகச் சொல்ல வேண்டாம்.

அம்மா, நீங்கள் அனுப்பிய அந்த நிறம் வெளுக்கிற கிரீம் விஷயம் எழுத வேண்டும். ‘கொச்சு போட்டோவில் கறுத்துப் போயிருக்கிறாள், ராத்திரி தேய்த்துவிடு’ என்று எழுதியிருந்தீர்கள். பாசத்தில் எழுதியது என்று எனக்குத் தெரியும். ஆனால் பாப்பா இப்போது தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள். கடிதத்தை எனக்கு முன்னால் அவள் வாசித்துவிட்டாள். மறுநாள் குளியலறைக் கதவைத் தட்டினால் திறக்கவில்லை. திறந்தபோது புருவம், காது, கழுத்து எல்லாம் வெள்ளையாக அப்பிக்கொண்டு ஸ்டூலில் நிற்கிறாள். “எத்தனை நாளாகும்மா?” என்று கேட்டாள். ஒன்பது வயதுப் பிள்ளை. எனக்குப் பேச்சே வரவில்லை.

உங்களை மட்டும் சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் புறப்படும்போதெல்லாம் “என் பிள்ளை எவ்வளவு அழகு” என்று நானே தலையை வருடியிருக்கிறேன். தன் முட்டையில் பாதியைத் தம்பிக்குப் பிட்டுக் கொடுத்த அன்றைக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்புறம் பிள்ளை எதை வைத்துத் தன்னை அளக்கும்?

அன்று ராத்திரி ஜெபத்தில் 1 சாமுவேல் 16 வாசித்தோம். ராஜாவைத் தேர்ந்தெடுக்க ஈசாய் வீட்டுக்குப் போன சாமுவேல் தீர்க்கதரிசியே, மூத்த மகன் எலியாபின் முகத்தையும் உயரத்தையும் பார்த்து ஏமாந்துபோகிறார். ஏழு பிள்ளைகளை முன்னால் நிறுத்திய ஈசாய், ஆடு மேய்க்கப் போன கடைசி மகன் தாவீதைப் பற்றிக் கேட்ட பிறகுதான் சொல்கிறார். ‘மனுஷன் முகத்தைப் பார்ப்பான், கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார்’ என்று கர்த்தர் சாமுவேலுக்குச் சொன்ன இடம். ஓய்வுநாள் பள்ளியில் இதை நான் பாராமல் ஒப்பித்தவள். பாப்பா விடவில்லை. “தாவீதுக்குச் சிவந்த மேனின்னு போட்டிருக்கே, அவனும் சிவப்புதானே?” என்றாள். நல்ல கேள்வி. அழகு பாவமில்லை மக்களே, அதுவும் கர்த்தர் தந்ததுதான், ஆனால் முகத்தைப் பார்த்து எடுப்பதாக இருந்தால் முதலில் வந்த எலியாபே போதுமே என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டாள்.

உடுப்பும் தோற்றமும் ஒன்றுமே இல்லை என்று சொல்லிக்கொடுக்கவும் எனக்கு மனமில்லை. மாரை மறைக்கிற தோள்சீலைக்காக நம் ஊர்ப் பாட்டிமார் பட்ட அடியை அம்மச்சி சொல்லிக் கேட்டவள் நான். 1859-ல் திருவிதாங்கூர் மகாராஜா உத்தரவு போடும்வரை அவர்கள் போராடியது அலங்காரத்துக்கு இல்லை, மானத்துக்கு. அதையும் பாப்பாவிடம் சொன்னேன்.

பக்கத்து வீட்டு உக்ரேன் பாட்டியைப் பற்றிப் போனில் சொன்னேன் இல்லையா? பக்கவாதம் வந்து வாய் ஒரு பக்கம் கோணியிருக்கும். வருஷம் முழுக்க ஒரே பழுப்புக் கோட்டு, யாரிடமும் பேசமாட்டார். அவரைக் கண்டாலே பாப்பா என் பின்னால் ஒளிவாள். நான் விடியற்காலம் வேலை முடிந்து வரும்போது எங்கள் படிவரைக்கும் பனி வாரியிருக்கும். பாப்பாவின் அப்பாதான் வாரிவிடுகிறார் என்று நினைத்திருந்தேன். போன வாரம் பாப்பா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். அந்தப் பாட்டிதான், ஒரு கையால் மண்வெட்டியை இழுத்து இழுத்து வாரிக்கொண்டிருந்தாராம். பார்சல் வந்த அன்றே நாலு முந்திரிக்கொத்தை எடுத்துக்கொண்டு தனியாகப் போனாள். “கஷ்டப்பட்டுக் கடிச்சு நாலையும் தின்னாங்கம்மா” என்று வந்து சொன்னாள்.

பனி விழும்போது சத்தமே வராது அம்மா. ராத்திரி வேலையில் ஜன்னலோரம் நிற்கும்போது, நம் ஓட்டில் மழை கொட்டுகிற சத்தம் ஒருதரம் கேட்டால் போதும் என்று இருக்கும். நீங்கள் திண்ணையில் முறத்தோடு இருப்பீர்கள், அப்பா ரப்பர் பால் வீணாகுமே என்று புலம்புவார். சரி, எழுதினால் கண் நிறைகிறது.

தங்கச்சி சின்னவளின் கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். நெய்யாற்றின்கரைக்காரர்கள் ‘பெண் நிறம் கொஞ்சம் குறைவு, அதனால் பத்துப் பவுன் கூட்டிப் போடுங்கள்’ என்று கேட்டதாக மைனி எழுதியிருந்தாள். அந்த இடம் வேண்டாம் அம்மா. அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கூட இருந்து, முகம் சுளிக்காமல் துடைத்துவிட்டவள் அவள். அதைக் கேட்டு விசாரிக்கிற வீடு வரட்டும். தெக்கே வீட்டுச் சித்தி கொண்டுவந்த பாறசாலை வாத்தியார் வீட்டை மறுபடி விசாரியுங்கள். விளையை மட்டும் ஈடு வைக்க வேண்டாம். இந்த மாதப் பணம் ஒரு வாரம் தாமதமாகும், வேறொன்றும் இல்லை.

சனிக்கிழமை உங்களுக்குக் காலை எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன், எனக்கு அப்போது வெள்ளி ராத்திரி எட்டரை. போனைச் சின்னவளிடம் கொடுங்கள், யாரும் பக்கத்தில் நிற்க வேண்டாம். பாப்பாவும் உங்களிடம் பேச வேண்டுமாம். நிறத்தைப் பற்றி ஒன்றும் கேட்காமல், முந்திரிக்கொத்து யாருக்குக் கொடுத்தாய் என்று கேளுங்கள்.

உங்கள் அன்பு மகள்